பில்லிங் பெட்டிக்குள் லினக்ஸை வைத்து விற்கலாமா?

பாளையங்கோட்டையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதி விற்கும் சின்னக் கம்பெனி அவருடையது. மென்பொருளை எழுதிய நிரல் வரிகளை, அதாவது மூல நிரலை, யாருக்கும் கொடுப்பதில்லை. கடைக்கு ஒரு லைசென்ஸ், வருடாவருடம் புதுப்பிப்புக் கட்டணம், அவ்வளவுதான். இனிமேல் மென்பொருளைத் தனியாக விற்காமல், சின்னக் கணினி, பில் பிரிண்டர், தராசு இணைப்பு எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாகக் கொடுக்க நினைக்கிறார். விண்டோஸ் செலவு வேண்டாம் என்பதால், அதற்குள் தன் கம்பெனி பெயரிலேயே ஒரு லினக்ஸ் இயங்குதளம். கூட்டாளி தடுக்கிறார்: "லினக்ஸ் சும்மா கிடைக்கிறது, அதைக் காசுக்கு விற்கக்கூடாது. மீறி விற்றால் நம்ம பில்லிங் சோர்ஸையும் திறந்து காட்டச் சொல்லிவிடுவார்கள்." இது சரியா என்று கேட்கிறார்.

விற்கலாம் தம்பி, தாராளமாக விற்கலாம். கூட்டாளி சொன்னதில் முதல் பாதி தவறு. இரண்டாம் பாதியில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, ஆனால் அவர் பயப்படுகிற இடத்தில் இல்லை.

முதல் பாதியை முடித்துவிடுவோம். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை முதலில் வெளியிட்டபோது, காசு வாங்கிக்கொண்டு பகிரக்கூடாது என்று உண்மையிலேயே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். 1992-ல் அதை எடுத்துவிட்டு, வாங்குகிறவருக்கு மூல நிரலும் அதைப் பகிரும் உரிமையும் சேர்ந்து போக வேண்டும் என்கிற ஜிபிஎல் உரிமத்துக்கு மாறினார். அந்த உரிமத்தின் பின்னால் இருக்கும் ரிச்சர்ட் ஸ்டால்மனே 1980களில் ஈமேக்ஸ் என்ற எடிட்டர் நிரலை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு விற்றவர்தான். ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, பிரதியைக் கைமாற்றுவதற்குக் கட்டணம் வாங்கலாம், உத்தரவாதம் கொடுத்து அதற்கும் தனியாக வாங்கலாம் என்கிறது. 2007-ல் வந்த மூன்றாம் பதிப்போ, ஒரு பிரதிக்கு என்ன விலையும் வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம் என்று இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது.

விற்பவர் எப்படிப்பட்ட கம்பெனி என்பதும் கணக்கில் வராது. ஆளையோ தொழிலையோ பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்பது திறந்த மூல உரிமம் எது என்பதற்கான வரையறையிலேயே இருக்கும் விதி. உங்களுடைய மற்ற மென்பொருள்கள் எல்லாம் பூட்டியவையாக இருக்கலாம், அதை யாரும் கேட்க மாட்டார்கள். உரிமம் பார்ப்பதெல்லாம் ஒன்றுதான்: பெட்டி கைமாறும்போது வாங்குகிறவருக்கு என்னென்ன உரிமை சேர்ந்து போகிறது?

இதை உலகத்தில் யாரும் செய்யாததும் இல்லை. நெட்வேர் என்ற மூடிய இயங்குதளத்தை விற்றே பெரிய ஆளான நோவெல், 2003-ல் சுசே லினக்ஸ் கம்பெனியை 210 மில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவித்து, அதற்கப்புறம் லினக்ஸும் விற்றது. ஆரக்கிளின் டேட்டாபேஸ் எவ்வளவு இறுக்கமான லைசென்ஸில் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். அவர்களும் 2006-ல் இருந்து சொந்த லினக்ஸ் வைத்திருக்கிறார்கள். பதிவிறக்க இலவசம், சப்போர்ட்டுக்குக் காசு. மைக்ரோசாஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-ல் அதன் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர், அறிவுசார் சொத்தைப் பொறுத்தவரை லினக்ஸ் ஒரு புற்றுநோய் என்று பேசினார். ஐந்தே வருடத்தில், 2006 நவம்பரில், அதே கம்பெனி நோவெலோடு ஒப்பந்தம் போட்டு, சுசே லினக்ஸ் சந்தாச் சீட்டுகளை 240 மில்லியன் டாலருக்கு வாங்கியது, தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதற்காக. 2018-ல் சின்னச் சாதனங்களுக்கான அஸூர் ஸ்பியர் என்ற அமைப்புக்குச் சொந்தமாக லினக்ஸ் கெர்னல் தயாரித்தார்கள். இப்போது விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் என்ற வசதி வழியாக லினக்ஸ் கெர்னல் ஓடுகிறது. அந்தக் கெர்னலின் மூல நிரலைப் பொதுவெளியில் வைத்திருக்கிறார்கள், வாங்கியவர்களுக்காவது கொடுத்தாக வேண்டும். விண்டோஸ் மூடியே இருக்கிறது. இரண்டும் ஒரே கம்பெனியில் ஒரே நேரத்தில் நடக்கிறது.

இடறி விழுந்தவர்களும் உண்டு. அவர்கள் கதைதான் உங்களுக்கு அதிகம் பயன்படும். வேர்ட்பெர்ஃபெக்ட் விற்ற கனடா கம்பெனி கோரல், 1999-ல் டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை அடிப்படையாக வைத்து கோரல் லினக்ஸ் கொண்டு வந்தது. வெளியீட்டுக்கு முன் சோதித்துப் பார்க்க வந்தவர்களிடம், இதை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது என்ற நிபந்தனையை ஏற்கச் சொன்னார்கள். அவர்களுடைய மற்ற மென்பொருள்களுக்கெல்லாம் அதுதான் வழக்கம், அதே தாளை இதற்கும் நீட்டிவிட்டார்கள். உள்ளே இருந்த ஜிபிஎல் நிரல்களோ, மேற்கொண்டு எந்தக் கட்டுப்பாடும் போடாதே என்று சொல்பவை. பெரிய எதிர்ப்பு கிளம்பியது, கம்பெனி இறங்கி வர வேண்டியதாயிற்று. 2001-ல் அந்த லினக்ஸ் பிரிவே ஸாண்ட்ரோஸ் கைக்குப் போய்விட்டது. மூடிய மென்பொருள் கம்பெனிக்கு உண்மையான ஆபத்து இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். சட்டம் தடுக்காது, பழக்கம் இழுத்துவிடும். "காப்பி எடுக்காதே, ஒரு கணினிக்கு மேல் போடாதே, உள்ளே பிரித்துப் பார்க்காதே" என்று எழுதி எழுதிப் பழகிய கை, லினக்ஸ் பெட்டி மேலும் அதையே ஒட்டிவிடும்.

இதில் பிஎஸ்டி வகை உரிமங்கள் வேறு மாதிரி. அவற்றை எடுத்து மாற்றி, மூடியே விற்கலாம். பதிப்புரிமை வாசகத்தை வைத்தால் போதும். ஆப்பிளின் மேக் இயங்குதளத்தில் ஃப்ரீபிஎஸ்டி நிரல்கள் இருக்கின்றன, சோனியின் பிளேஸ்டேஷன் 4 ஓடுவதும் ஃப்ரீபிஎஸ்டியில் இருந்து வந்த இயங்குதளத்தில்தான். ஆனால் உங்கள் தேர்வு லினக்ஸ், அதனால் அதை விட்டுவிடுவோம்.

சரி, விற்கலாம் என்றாயிற்று. எதை விற்கிறீர்கள்? வாங்கியவர் பத்துப் பேருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தாலும் நீங்கள் தடுக்க முடியாத ஒரு பொருளுக்கு எதற்குக் காசு கொடுப்பார்கள்?

நம்ம பக்கம் மறுவீட்டுக்குச் சொதி இல்லாமல் சாப்பாடு உண்டா? தேங்காய்ப் பால் எடுப்பதும், பாசிப்பருப்பு வேகவைப்பதும், இஞ்சிப் பச்சடி அரைப்பதும் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். அப்படியிருந்தும் முந்நூறு இலை விழும் என்றால் சமையலுக்குத் தவசுப்பிள்ளையைக் கூப்பிட்டு அட்வான்ஸ் கொடுக்கிறோம். சொதி ரகசியமாக இருக்கிறதென்றா கொடுக்கிறோம்? பன்னிரண்டரை மணிக்கு இலை போட்டாக வேண்டும், பால் திரிந்துவிடக்கூடாது, அந்தப் பொறுப்பை ஒருவர் தலையில் வைக்க வேண்டும் என்பதற்காகக் கொடுக்கிறோம்.

ரெட் ஹேட் என்ற லினக்ஸ் கம்பெனி இருபது வருடத்துக்கு மேல் விற்றது அந்தப் பொறுப்பைத்தான். அவர்களுடைய இயங்குதளத்தை வேறு சிலர், வணிகச் சின்னங்களை மட்டும் நீக்கிவிட்டு சென்ட்ஓஎஸ் என்ற பெயரில் இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தார்கள், 2014-ல் அந்தத் திட்டத்தை ரெட் ஹேட்டே தன்னோடு சேர்த்துக்கொண்டது. அது தெரிந்தும் வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் ரெட் ஹேட்டுக்குச் சந்தா கட்டின. 2019-ல் ஐபிஎம் 34 பில்லியன் டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியை வாங்கியது.

அப்புறம் நடந்ததையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் ஒருநாள் அந்த ஆசை வரும். 2020 டிசம்பரில், சென்ட்ஓஎஸ் 8-ஐ 2021 முடிவோடு நிறுத்தப்போவதாக ரெட் ஹேட் அறிவித்தது. ராக்கி லினக்ஸும் ஆல்மா லினக்ஸும் அந்த இடத்தைப் பிடிக்கப் பிறந்தவை. 2023 ஜூனில் ரெட் ஹேட், நிறுவனங்களுக்கு விற்கும் தன் பதிப்பின் மூல நிரலை எல்லோருக்கும் வைப்பதை நிறுத்தி, வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்றாக்கியது. பொதுவில் இருப்பது அதன் அடுத்த பதிப்புக்கு முன்னோடியான சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டும்தான். பலருக்குக் கோபம். ஆனால் ஜிபிஎல்லைப் படித்துப் பார்த்தால், ஊருக்கெல்லாம் மூல நிரலைக் கொடு என்று அது சொல்லவில்லை. யாருக்கு நிரலைக் கொடுத்தாயோ அவருக்கு மூலத்தையும் கொடு என்கிறது. அதுவரை ரெட் ஹேட் பக்கம் நியாயம் இருக்கிறது. வாங்கிய மூல நிரலை வெளியே கொடுத்தால் சந்தாவை நிறுத்தலாம் என்கிற மாதிரி ஒப்பந்தம் போடுவது வேறு விஷயம். சட்டத்தின் எழுத்துக்குள் அது அடங்கும் என்பவர்களும், அடங்காது என்பவர்களும் இருக்கிறார்கள். எழுத்துக்குள் அடங்கினாலும் அது முறையில்லை என்பது என் கருத்து. ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்ததை வாங்கி விற்கும்போது, அடுத்தவர் கொடுப்பதைத் தண்டிக்கக்கூடாது. நீங்கள் அந்த வழிக்குப் போகாதீர்கள்.

இனி கூட்டாளியின் இரண்டாவது பயம், பில்லிங் நிரலையும் திறக்க வேண்டுமா என்பது. லினக்ஸ் மேல் ஓடுகிறது என்ற ஒரே காரணத்துக்காகத் திறக்க வேண்டியதில்லை. கெர்னலின் உரிமத்தோடு டோர்வால்ட்ஸ் ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறார்: வழக்கமான சிஸ்டம் கால் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) வழியாகக் கெர்னலைப் பயன்படுத்தும் நிரல்கள் அதிலிருந்து பிறந்தவையாகக் கருதப்படாது. அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி, ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல்லில் வருகிறது, மூடிய நிரல் அதைத் தொட்டுக்கொண்டு ஓடலாம். ஒரே வட்டில் ஜிபிஎல் நிரலும் உங்கள் நிரலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாலும் ஒன்றும் ஆகாது, ஜிபிஎல்லே அதை அனுமதிக்கிறது.

ஆனால் உங்கள் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நயினார்குளம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன்பே லாரி வந்து நிற்கிறது. தராசில் வெங்காய மூட்டை ஏறுகிறது, எடை சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கு வருகிறது, பில்லிங் திரையில் விலை பெருகுகிறது, பிரிண்டர் தமிழில் சீட்டைத் துப்புகிறது. இந்த நாலு நொடிக்குள் எத்தனை உரிமம் ஓடுகிறது பாருங்கள்.

தராசில் இருந்து வரும் எடையை உங்கள் நிரலே சீரியல் போர்ட்டைத் திறந்து படித்தால் பிரச்சினை இல்லை. சாதாரணத் தராசுக்கு அது போதும். யாராவது "வேகமாக இருக்கும், கெர்னல் மாட்யூலாக எழுதுவோம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கெர்னலுக்குள் போய் உட்காரும் நிரலை மூடி வைக்கலாமா என்பது பல வருடமாகத் தீராத சண்டை. என்விடியா மாதிரிப் பெரிய கம்பெனி தாங்கும், நீங்களும் நானும் தாங்க மாட்டோம்.

உண்மையான கண்ணி டேட்டாபேஸில் இருக்கிறது. பில்லிங் மென்பொருள் எழுதுகிறவர்கள் யோசிக்காமல் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸைப் போடுவார்கள். அது ஜிபிஎல்லில் வருகிறது, இல்லையென்றால் ஆரக்கிளிடம் வணிக லைசென்ஸ் வாங்க வேண்டும். அதோடு பேச உதவும் கிளையண்ட் நூலகத்தை உங்கள் மூடிய நிரலோடு பிணைத்துப் பெட்டியில் வைத்து விற்றால், கூட்டாளியின் பயத்துக்கு அங்கே இடம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸுக்கு மாறுங்கள், அதன் உரிமம் தாராளமானது. ஒரே கல்லாவுக்கு எஸ்க்யூலைட் போதும், அது யாருக்கும் பதிப்புரிமை இல்லாத பொதுச் சொத்து, யாரையும் கேட்க வேண்டாம். மைஎஸ்க்யூஎல்லை விடவே முடியாது என்றால் மரியாடிபியின் சி கனெக்டரைப் பாருங்கள், அது எல்ஜிபிஎல். திரையைக் க்யூட்டி (Qt) என்ற நூலகத்தில் செய்திருந்தால் எல்ஜிபிஎல் பதிப்பில் டைனமிக்காக, அதாவது உங்கள் நிரலுக்குள் கலக்காமல் தனிக் கோப்பாக இணையுங்கள். க்யூட்டியின் சில பகுதிகள் ஜிபிஎல்லில் மட்டும் வருகின்றன, எதை எடுத்தீர்கள் என்று சரிபாருங்கள்.

தமிழ்ச் சீட்டு. விண்டோஸில் லதா எழுத்துருவில் பில் அடித்துப் பழகியிருப்பீர்கள். அது மைக்ரோசாஃப்ட்டுடையது, எடுத்து லினக்ஸ் பெட்டியில் போடக்கூடாது. நோட்டோ தமிழோ லோஹித்தோ போடுங்கள். இரண்டும் ஓப்பன் ஃபாண்ட் உரிமத்தில் வருபவை. எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது, மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். திறந்த மூலத்தை விற்பதில் எவ்வளவு கவனமோ, மூடியதைச் சும்மா எடுத்து வைக்காமல் இருப்பதிலும் அவ்வளவு கவனம் வேண்டும் தம்பி. நம்ம ஊரில் முதலாவதைப் பற்றித்தான் பயம், இரண்டாவதைப் பற்றி யாருக்கும் பயமே இல்லை.

பெயர் விஷயம். உபுண்டுவை எடுத்து மாற்றி, உபுண்டு என்ற பெயரோடும் சின்னத்தோடும் விற்க அதன் கம்பெனியான கேனானிகல் அனுமதிக்காது, வணிகச் சின்னங்களை நீக்கியாக வேண்டும். டெபியனை எடுத்து, உங்கள் பெயர் வைத்து, "டெபியனை அடிப்படையாகக் கொண்டது" என்று உண்மையைச் சொல்லலாம். நான் டெபியனைத்தான் சொல்வேன். ஒவ்வொரு மென்பொருள் பொதியின் உரிமமும் யூஎஸ்ஆர் ஷேர் டாக் (/usr/share/doc) அடைவுக்குள் அந்தப் பொதியின் பெயரில் ஒரு காப்பிரைட் கோப்பாக உட்கார்ந்திருக்கும். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்த அடைவை அழிக்கிற வேலை மட்டும் வேண்டாம். மத்திய அரசு தன் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் மூலம் கொண்டு வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்தில் அதைப் பார்த்திருப்பீர்கள்.

இப்போது மூல நிரலைக் கொடுக்கும் வேலை. "டெபியன் தளத்தில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்" என்பது வியாபாரமாக விற்பவருக்குப் போதாது. ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு அந்தச் சலுகையை வியாபாரமில்லாமல் கொடுப்பவருக்கு மட்டும்தான் வைத்திருக்கிறது. உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, கேட்டால் கொடுக்கிறோம் என்று எழுத்தில் உறுதி. அது குறைந்தது மூன்று வருடம் செல்ல வேண்டும், உங்கள் வாடிக்கையாளர் மட்டுமல்ல, யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும். இன்னொன்று, பெட்டியோடு மூல நிரலையும் சேர்த்தே கொடுத்துவிடுவது. ஒரு பென் டிரைவில் போட்டு வாரண்டி கார்டு பக்கத்தில் வைத்துவிடுங்கள். அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை கடமை அன்றோடு முடிந்தது. வாங்குகிற கடைக்காரர் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். பரவாயில்லை, அவர் உரிமை அவரிடம் போய்விட்டது. உள்ளே இருப்பது பெட்டியில் ஓடும் அதே பதிப்பின் மூலமாக இருக்க வேண்டும். டெபியன் 12-ன் 6.1 கெர்னலில் நீங்கள் ஒரு வரி மாற்றியிருந்தாலும் அந்த வரியும், அதைக் கட்டும் ஸ்கிரிப்டும் உள்ளே இருக்க வேண்டும்.

இதைச் சின்ன விஷயமாக நினைத்தவர்கள் பட்டிருக்கிறார்கள். லிங்க்சிஸின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரில் லினக்ஸ் ஓடுவதை 2003-ல் ஆட்கள் கண்டுபிடித்து மூல நிரலைக் கேட்டார்கள். அதே வருடம் அந்தக் கம்பெனியை வாங்கியிருந்த சிஸ்கோ தலையில் விடிந்தது, கடைசியில் நிரலை வெளியிட்டார்கள். அந்த நிரலில் இருந்து முளைத்ததுதான் ரவுட்டர்களுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல இயங்குதளம். அந்த ரவுட்டர் அதற்குப் பிறகும் பல வருடம் விற்றது. அதனால் மூல நிரல் வெளியே போனால் வியாபாரம் படுத்துவிடும் என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள்.

இந்தியாவில் யார் கேட்கப்போகிறார்கள் என்று கூட்டாளி அடுத்தபடியாகச் சொல்வார். 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே வருகிறது. உரிம நிபந்தனையை மீறினால் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு தானாகவே ரத்தாகிவிடும், அதன் பிறகு நீங்கள் விற்பது அனுமதியில்லாத பிரதி. உங்கள் பில்லிங் மென்பொருளை யாராவது கிராக் செய்தால் எந்தச் சட்டத்தைக் கையில் எடுப்பீர்களோ அதே சட்டம்தான்.

ஒப்பந்தத் தாளை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். பில்லிங் மென்பொருள் எங்களுடையது, இத்தனை கல்லாவுக்கு, காப்பி எடுக்கக்கூடாது என்று ஒரு பகுதி. இயங்குதளத்தில் உள்ள மற்ற நிரல்கள் அவரவர் உரிமத்தில் வருகின்றன, அவற்றைப் பிரதி எடுக்கவும் மாற்றவும் உங்களுக்கு உரிமை உண்டு என்று இன்னொரு பகுதி. அப்புறம் சப்போர்ட்: எத்தனை மணிக்குள் போனை எடுப்பீர்கள், எத்தனை மணிக்குள் ஆள் வரும், டேட்டா பேக்கப் யார் பொறுப்பு. ஜிபிஎல்லில் "எந்த உத்தரவாதமும் இல்லை" என்று பெரிய எழுத்தில் இருக்கிறதே என்று அதன் பின்னால் ஒளிய வேண்டாம். அதிகாலையில் பிரிண்டர் நின்றால் கமிஷன் கடை அண்ணாச்சி டோர்வால்ட்ஸுக்குப் போன் போட மாட்டார், உங்களுக்குத்தான் போடுவார். அவர் வருடத்துக்குக் கட்டும் பணம் அந்தப் போனுக்குத்தான், விலையையும் அதில் வையுங்கள். இயங்குதளத்துக்குத் தனி விலை போட்டால் "இது நெட்டில் சும்மா கிடைக்குதே" என்ற பேச்சு வரும், பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

டவுனில் வேறொரு கம்பெனி உங்கள் இயங்குதளத்தை அப்படியே எடுத்து, தன் பெயரைப் போட்டு விற்றால்? விற்கலாம், அவர்களுக்கும் அதே உரிமை. உங்கள் பெயரையும் சின்னத்தையும் பில்லிங் நிரலையும் தொடக்கூடாது, அவ்வளவுதான். அந்தத் தராசு இணைப்பும் தமிழ்ச் சீட்டும் வேலை செய்வதற்கு நீங்கள் எழுதிய சின்னச் சின்னத் திருத்தங்களை, அவர்கள் எடுக்கும் முன் நீங்களே டெபியனுக்கும் அந்தந்தத் திட்டங்களுக்கும் அனுப்பிவிடுங்கள் என்பேன். அந்தத் திட்டங்கள் ஏற்றுக்கொண்டால் ஒவ்வொரு பதிப்புக்கும் அதைத் திரும்ப ஒட்டும் வேலை உங்களுக்கு மிச்சம். நம்ம தமிழ் பிரிண்ட் ஆவதற்கு உலகத்தில் எங்கேயோ இருந்து யார் யாரோ உழைத்திருக்கிறார்கள், அந்த வரிசையில் பாளையங்கோட்டைக் கம்பெனி ஒன்றின் பெயரும் இருக்கட்டும்.

கடைசியாக, பலரும் மறக்கும் ஒன்று. பெட்டி கொடுத்ததோடு பென் டிரைவ் கதை முடிந்துவிடவில்லை. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு அப்டேட்டும் புதுப் பிரதிதான், அதற்கும் மூல நிரல் உண்டு. அப்டேட் எந்த சர்வரில் இருந்து இறங்குகிறதோ அதே இடத்தில் அதன் மூலப் பொதியையும் வைத்துவிட்டால் போதும், உரிமம் அதை ஒத்துக்கொள்கிறது. டெபியனின் ரெப்போ (பொதிக் கிடங்கு) அமைப்பிலேயே அதற்கு வழி இருக்கிறது. முதல் பெட்டி கடைக்குப் போவதற்கு முன்னால் அந்த சர்வரைத் தயார் செய்துவிடுங்கள்.